ஒரே சர்வர், ஒரே ப்ராஜெக்ட் பெயர்: பொதுச் சர்வரோடு கட்டளைவரிக் கருவிகளை இணைத்த ஒரு குழுவில் நேர்ந்த தரவு இழப்பு

பின்னணி

இந்த ஆய்வு, பத்துப் பேருக்கும் குறைவான மென்பொருள் உருவாக்குநர்களைக் கொண்ட ஒரு குழுவைப் பற்றியது. அவர்கள் பராமரித்த தயாரிப்பு பல சிறு சேவைகளாகப் பிரிந்திருந்தது. அந்தச் சேவைகளோடு ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஒரு தேடல் பொறி, ஒரு செய்தி வரிசை ஆகியவையும் சேர்ந்து ஓடினால்தான் எந்த மாற்றத்தையும் முழுமையாகச் சோதிக்க முடியும். டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் எனப்படும் தனித்த உறைகளில் இயக்கும் கருவி; பல கன்டெய்னர்களை ஒரு கோப்பின்படி சேர்த்து இயக்குவது டாக்கர் கம்போஸ். ஒவ்வொருவரும் தம் மடிக்கணினியில் அதன் மூலம் இவை அனைத்தையும் இயக்கி வந்தனர். சேவைகள் கூடக்கூட நினைவகம் போதாமல் போனது. ஒரு பில்டு (நிரலை இயங்கும் வடிவுக்குக் கட்டும் வேலை) முடியும்வரை எடிட்டர்கூட உறைந்து நின்றது.

எனவே போதுமான நினைவகமும் வேகமான வட்டும் கொண்ட ஒரு லினக்ஸ் சர்வரைக் குழுவுக்குப் பொதுவாக அமைத்து, அவரவர் மடிக்கணினியிலிருந்தே கட்டளை கொடுத்து வேலையைச் சர்வரில் நடத்துவது என்று முடிவாயிற்று. டாக்கரின் அமைப்பு இதற்கு இடம் தருகிறது. நாம் டெர்மினலில் தட்டும் டாக்கர் கட்டளை, வேலையைக் கேட்டு அனுப்பும் ஒரு கிளையண்ட் மட்டுமே; இமேஜ் (கன்டெய்னருக்கான அச்சு) கட்டுவதும், கன்டெய்னரை இயக்குவதும், கன்டெய்னர் போனாலும் தரவு தங்கும் சேமிப்பிடமான வால்யூமை அழிப்பதும் பின்னால் இயங்கும் டீமனின் வேலை. கிளையண்டும் டீமனும் ஒரே கணினியில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இணைப்பை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று குழு எண்ணியது. தரவு இழப்பு நேர்ந்த பிறகே காரணத்தை ஆராயும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் சர்வரின் பதிவுகளில் கண்டவற்றையும் கால வரிசைப்படி இங்கே தருகிறேன்.

முதல் இணைப்பும் அதன் திருத்தமும்

முதலில் டீமனை வலையமைப்பிலிருந்து அணுகும்படி டிசிபி வழியாக 2375 ஆம் போர்ட்டில் திறந்து வைத்தார்கள். ‘டாக்கர்_ஹோஸ்ட்’ என்ற சூழல் மாறியில் சர்வரின் முகவரியை எழுதினால் போதும். எல்லாக் கட்டளைகளும் அங்கே போய்விடும். இந்தப் போர்ட்டில் குறியாக்கமும் கிடையாது, அடையாளச் சோதனையும் கிடையாது. டீமனை அணுக முடிந்தவர் சர்வரின் முழு வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து (மவுண்ட் செய்து), எந்தக் கோப்பையும் படிக்கலாம், மாற்றலாம். அதாவது, அந்தப் போர்ட்டை எட்டக்கூடிய எவரும் நடைமுறையில் ரூட், அதாவது சர்வரின் முழு அதிகாரம் பெற்ற பயனர்.

ஃபயர்வால் இருக்கிறதே என்ற நம்பிக்கையும் அரைகுறையானதாகவே இருந்தது. சர்வரில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி இயங்கியது. எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து குறியாக்கத்தோடு நுழையும் வழி) உள்வலையமைப்பிலிருந்து 2375 உம் தவிர மற்ற போர்ட்டுகள் மூடியிருப்பதாக அனைவரும் நம்பினர். ஆனால் வழக்கமான நிறுவலில் டாக்கர் ஒரு கன்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது லினக்ஸின் போக்குவரத்து விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. அந்தப் போக்குவரத்து யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடாமலே கடந்துவிடும். கம்போஸ் கோப்பில் முகவரி குறிக்காமல் போஸ்ட்கிரெஸின் போர்ட்டை 5432:5432 என்று எழுதினால் அது சர்வரின் எல்லா வலை இடைமுகங்களிலும் திறக்கும். இதன்படி, தரவுத்தளம் அந்த உள்வலையமைப்பிலிருந்த அனைவருக்கும் திறந்தே கிடந்தது.

குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் இதைக் கவனித்து, 2375 ஐ மூடிவிட்டு இணைப்பை எஸ்எஸ்எச்சுக்கு மாற்றினார். 2018 இல் வெளிவந்த டாக்கர் 18.09 முதல் கிளையண்ட் நேரடியாக எஸ்எஸ்எச் வழியே டீமனோடு பேசும். 2019 இன் 19.03 பதிப்பில் வந்த ‘கான்டெக்ஸ்ட்’ வசதி, எந்த டீமனோடு பேசுவது என்பதைப் பெயரிட்டுச் சேமித்து வைக்க உதவுகிறது. மாற்றம் சரியானதே. ஆனால் சர்வரில் அனைவருக்கும் பொதுவாக ஒரே ஒரு பயனர் கணக்கே உருவாக்கப்பட்டது. எஸ்எஸ்எச்சில் ஆளை அடையாளம் காட்டும் எல்லோருடைய பொதுச் சாவிகளும் அந்தக் கணக்கின் அனுமதிக் கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. கணக்கு, டீமனைப் பயன்படுத்த உரிமை தரும் லினக்ஸ் பயனர் குழுவான டாக்கர் குழுவிலும் சேர்க்கப்பட்டது. வெளியாள் நுழையும் வழி அடைபட்டது. உள்ளே வந்தபின் யார் யார் என்ற வேறுபாடு டீமனுக்கு முற்றிலும் இல்லாமல் போனது.

கவனிக்கப்பட்ட அறிகுறிகள்

முதலில் இணைந்தவர்கள் வெவ்வேறு ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) வேலை செய்ததால் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. ஒரே ரெப்போவில் வேலை செய்யும் இரண்டாமவர் வந்தபின்தான் புகார்கள் தொடங்கின. அவை தனித்தனியாக வந்ததால், பல நாட்கள் தனித்தனிக் கோளாறுகளாகவே பார்க்கப்பட்டன.

முதல் புகார், செயலி தொடங்கியவுடன் ‘கோப்பு இல்லை’ என்று நின்றுவிடுகிறது என்பது. கம்போஸ் கோப்பில் நிரல் கோப்புறை கன்டெய்னருக்குள் பைண்ட் மவுண்ட் செய்யப்பட்டிருந்தது, அதாவது நேரடியாக இணைக்கப்பட்டிருந்தது. சார்புப் பாதையை முழுப் பாதையாக விரிப்பது மடிக்கணினியில் இருக்கும் கிளையண்ட்; அந்தப் பாதையைத் தேடுவது சர்வரில் இருக்கும் டீமன். சர்வரில் அப்படியொரு கோப்புறை இல்லாததால் டீமன் அதைக் காலியாக உருவாக்கி மவுண்ட் செய்தது. சர்வரின் ஹோம் கோப்பகத்துக்குள் பார்த்தபோது, அங்கே கணக்கே இல்லாதவர்களின் பெயர்களில், ரூட்டுக்குச் சொந்தமான காலிக் கோப்புறைகள் வரிசையாக இருந்தன. பைண்ட் மவுண்டைக் கைவிட்டு, நிரலை இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டுவது என்று குழு மாற்றிக்கொண்டது. அறிகுறி நின்றதால், ஆராய்ச்சியும் அத்தோடு நின்றது.

அடுத்த புகார் விசித்திரமானது: “நான் திருத்திய பிழை மறுபடியும் வருகிறது, சற்று நேரம் கழித்துத் தானாகவே போய்விடுகிறது.” வேறொருவர், தம் கன்டெய்னர் காரணமில்லாமல் மறுதொடக்கம் ஆகிறது என்றார். உலாவியின் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), பில்டின் கேஷ் என்று சந்தேகங்கள் சுற்றி வந்தன.

மூன்றாவதாக, கம்போஸ் கட்டளை சில நேரம் எஸ்எஸ்எச் இணைப்பு தொடக்கத்திலேயே துண்டிக்கப்பட்டதாகப் பிழை காட்டியது. இதன் காரணம் வேறு. டாக்கர் கிளையண்ட் எஸ்எஸ்எச் வழியே பேசும்போது டீமனிடம் விடுக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் (ஏபிஐ அழைப்பு) புதிய இணைப்பைத் திறக்கக்கூடும். பல சேவைகளை ஒரே நேரத்தில் கையாளும் கம்போஸ் ஒரு கட்டளைக்கே பல இணைப்புகளைத் திறக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரின் ‘மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ்’ அமைப்பின் இயல்பு மதிப்பு 10:30:100. அடையாளச் சோதனை முடியாத இணைப்புகள் 10 ஐ எட்டியதும், புதிதாக வருபவற்றை 30 விழுக்காடு வாய்ப்பில் அது மறுக்கத் தொடங்கும். 100 ஐ எட்டினால் எல்லாவற்றையும் மறுக்கும். இருவர் ஒரே நேரத்தில், சேவைகளைத் தொடங்கும் ‘அப்’ கட்டளை கொடுத்தால் இந்த எல்லை எளிதில் தொடப்பட்டது. மறுபடி முயன்றால் பெரும்பாலும் வேலை செய்ததால் யாரும் இதைப் பின்தொடரவில்லை.

தரவுத்தளம் வெறுமையான நாள்

பில்லிங் பகுதியில் அபூர்வமாகத் தோன்றும் ஒரு பிழையை மீண்டும் உருவாக்கிக் காட்டுவதற்காக, உருவாக்குநர் ஒருவர் பல வாரங்களாகச் சோதனைத் தரவைக் கையால் சேர்த்து வந்தார். அது அவருடைய தரவுத்தள வால்யூமில் இருப்பதாகவே அவர் எண்ணியிருந்தார். ஒரு பிற்பகலில் அவருடைய செயலி, அட்டவணையில் ஒரு வரிசைகூட இல்லை என்று சொல்லத் தொடங்கியது. சர்வர் மறுதொடக்கம் ஆகியிருக்குமோ என்று பார்த்தார், ஆகவில்லை. கன்டெய்னர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவை தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன.

அவர் உடனே எதையும் மறுபடி இயக்காமல் தகவல் சொன்னது விசாரணைக்குப் பேருதவியாக அமைந்தது. டாக்கரின் நிகழ்வுப் பட்டியலைப் பார்த்தோம். அது கடைசி 256 நிகழ்வுகளை மட்டுமே தரும். நல்ல வேளையாக, வால்யூம் அழிக்கப்பட்ட வரி அதற்குள் இருந்தது. நேரம் இருந்தது, யார் செய்தது என்பது இல்லை. எஸ்எஸ்எச் பதிவில் அதே நிமிடத்தில் இரண்டு சாவிகளின் கைரேகைகள் (சாவியை அடையாளம் காட்டும் குறியீடுகள்) பதிவாகியிருந்தன. இரண்டும் ஒரே கணக்குக்குள் நுழைந்தவை. ஒன்று தரவை இழந்தவருடையது.

தெளிவைத் தந்தது ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளக் கன்டெய்னரின் லேபிள்கள். கம்போஸ், தான் உருவாக்கும் ஒவ்வொரு கன்டெய்னரிலும் ப்ராஜெக்ட் பெயரையும், எந்தக் கோப்புறையிலிருந்து கட்டளை கொடுக்கப்பட்டது என்பதையும் லேபிளாக எழுதி வைக்கிறது. கன்டெய்னரின் விவரங்களைக் காட்டும் ‘இன்ஸ்பெக்ட்’ கட்டளையில் பார்த்தபோது, ப்ராஜெக்ட் பெயர் தரவை இழந்தவர் எதிர்பார்த்ததாகவே இருந்தது. கோப்புறைப் பாதையோ அவருடைய சக ஊழியரின் மடிக்கணினிக்கு உரியது.

அந்தச் சக ஊழியர் எதையும் மறைக்கவில்லை. நிரலின் ஒரு கிளையை முடித்துவிட்டு, சுத்தமான தரவுத்தளத்தில் மறுபடி தொடங்குவதற்காக, கன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் ‘டவுன்’ கட்டளையை, வால்யூம்களையும் சேர்த்து நீக்கும் தெரிவோடு (ஆப்ஷனோடு) கொடுத்ததாகவும், பின்னர் ‘அப்’ கொடுத்ததாகவும் சொன்னார். “மடிக்கணினியில் தினமும் செய்வதுதான். என்னுடையதைத்தான் அழிக்கிறேன் என்று நினைத்தேன்,” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயமானது. கருவி அவரிடம் உறுதி கேட்கவில்லை; வேறொருவருடையது என்பதற்கான எந்த அடையாளத்தையும் காட்டவும் இல்லை.

இழந்த தரவுக்குக் காப்புப்பிரதி இல்லை. வட்டின் அந்நேர நிலையைப் படியெடுக்கும் ஸ்னாப்ஷாட்டும் எடுக்கப்படவில்லை. இது சோதனைச் சர்வர்தானே என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அட்டவணை அமைப்பு கிட் என்ற நிரல் பதிப்புக் கருவியில் இருந்த மைக்ரேஷன்களிலிருந்து (அட்டவணைகளை மாற்றும் நிரல்கள்) திரும்பக் கிடைத்தது. தரவின் ஒரு பகுதியை அவர் தம் குறிப்புகளைப் பார்த்து மீண்டும் உருவாக்கினார். மற்றவை போயே போயின.

காரணம்

பெயர் எதுவும் கொடுக்காவிட்டால், கம்போஸ் கோப்பு இருக்கும் கோப்புறையின் பெயரையே கம்போஸ் ப்ராஜெக்ட் பெயராக எடுத்துக்கொள்கிறது. எல்லோரும் ஒரே ரெப்போவை குளோன் செய்தால் (படியெடுத்தால்) எல்லோருடைய கோப்புறைப் பெயரும் ஒன்றே. ஆகவே டீமனின் பார்வையில் அங்கே இருந்தது ஒரே ஒரு ப்ராஜெக்ட். கன்டெய்னர், வலையமைப்பு, வால்யூம் எல்லாம் அந்தப் பெயரை முன்னொட்டாகக் கொண்டவை. இமேஜுக்குத் தனிப்பெயர் தராதவிடத்து அதுவும் அதே பெயரில் கட்டப்படும். இதனால் ஒருவர் பில்டு செய்தால் மற்றவருடைய இமேஜின் டேக் (பெயர்க்குறி) பில்டு செய்தவரின் நிரலுக்குப் போய்விடும். அடுத்து ‘அப்’ கொடுப்பவர் தாம் எழுதாத நிரலை இயக்குவார். திருத்திய பிழை திரும்பி வந்ததற்கு இதுவே காரணம்.

தரவுத்தளம் இவ்வளவு நாள் தப்பியதற்கும் ஒரு காரணம் உண்டு, அது இந்த நிகழ்வில் மிக நுட்பமான இடம். ‘அப்’ கொடுக்கும்போது கம்போஸ் ஒவ்வொரு சேவையின் அமைப்பையும் ஏற்கெனவே ஓடுவதோடு ஒப்பிடுகிறது. செயலியின் இமேஜ் மாறியிருப்பதால் அந்தக் கன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கும். போஸ்ட்கிரெஸின் அமைப்போ இருவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. எனவே ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி விட்டுவிடும். இருவரும் தமக்குத் தனித் தரவுத்தளம் இருப்பதாக நம்பியபடி, ஒன்றையே பகிர்ந்துகொண்டிருந்தனர். ஒருவர் சேர்த்த அட்டவணைப் பத்தி மற்றவருக்குத் தெரிந்த சமயங்களில்கூட, மைக்ரேஷன் சரியாக ஓடியிருக்கிறது என்றே அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது.

என் கணிப்பில், கோப்புறைப் பெயர் இங்கே வெறும் வாசல் மட்டுமே. ஒரு கணினி, ஒரு டீமன், ஒரு ஆள் என்ற அனுமானத்தின் மேல்தான் கம்போஸின் இந்த நடத்தைகள் எல்லாம் நிற்கின்றன. மடிக்கணினியில் அந்த அனுமானம் உண்மை. இணைப்பைச் சர்வருக்குத் திருப்பியபோது அது பொய்யாகிவிட்டது, கட்டளைகளோ மாறவில்லை. சர்வருக்குள் நுழையத் தகுதி உள்ளவர் யார் என்ற கேள்விக்கு எஸ்எஸ்எச் பதில் தந்தது. நுழைந்தவர் கொடுக்கும் கட்டளை யாருடைய பொருள்கள்மீது செல்லும் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஆராய்ந்த வழிகளும் எடுத்த முடிவும்

அன்றே இரண்டு இடைக்கால ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஒவ்வொருவரும் தம் பெயரை முன்னொட்டாகக் கொண்ட ப்ராஜெக்ட் பெயரைச் சூழல் மாறியில் வைத்துக்கொண்டனர். இரவுதோறும் எல்லாப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் டம்ப்பும் (முழுப் பிரதி) சர்வருக்கு வெளியே எடுத்து வைக்கப்பட்டது.

முன்னொட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் கருதினர். செலவே இல்லாத வழி, உண்மைதான். ஆனால் புதிதாக ஒருவர் சேரும்போதும், புது டெர்மினலில் மாறி அமையாத போதும், மறதியின் விலை பழையபடி இன்னொருவரின் தரவாகவே இருக்கும். தவிர, பயன்படாதவற்றைத் துடைக்கும் ‘சிஸ்டம் புரூன்’ போன்ற கட்டளைகள் ப்ராஜெக்ட் பெயரையே பார்ப்பதில்லை. நிறுத்தி வைத்திருக்கும் எல்லோருடைய கன்டெய்னரும் போய்விடும்.

2376 ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையின் சான்றிதழ்களோடு இணைவது யார் வருகிறார் என்பதை உறுதிசெய்யும். ஆனால் வந்தவருக்கு டீமனின் முழு அதிகாரமும் கிடைப்பது மாறாது. ஆளுக்கொரு மெய்நிகர் கணினி என்பது மிக உறுதியான பிரிப்பு. நினைவகத்தை முன்கூட்டியே பங்குபோட்டு ஒதுக்க வேண்டியிருப்பதால், பொதுச் சர்வர் வாங்கியதன் நோக்கமே அதில் அடிபடும். பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் யோசனையும் வந்தது. எல்லா கம்போஸ் கோப்புகளையும் மாற்றி எழுதவேண்டும் என்றதும் கைவிடப்பட்டது.

இறுதியில் தேர்ந்தது ரூட்லெஸ் டாக்கர், அதாவது ரூட் அதிகாரம் இல்லாமல் டீமனை இயக்கும் முறை. டாக்கர் 20.10 முதல் இது சோதனை நிலையைத் தாண்டிய வசதி. ஒவ்வொருவருக்கும் சர்வரில் தனி லினக்ஸ் கணக்கு. அந்தக் கணக்கின் உரிமையிலேயே இயங்கும் தனி டீமன். அதற்கெனத் தனி சாக்கெட் (டீமனை அணுகும் வாசல்), இமேஜ்கள், வால்யூம்கள். ஒருவர் எந்தப் பெயரில் எந்தக் கட்டளை கொடுத்தாலும் அது அவருடைய டீமனைத் தாண்டாது. இதை நான் வலியுறுத்தியதற்குக் காரணம், பிரிப்பைக் காப்பது மனிதரின் நினைவாற்றலாக இல்லாமல் இயங்குதளத்தின் பயனர் எல்லையாக இருக்கும் என்பதே. மறந்தவருக்குப் பிழைச்செய்தி கிடைக்கும், அவ்வளவே. பக்கத்தில் இருப்பவர் தரவை இழக்கமாட்டார்.

மாற்றம் நடந்த விதம்

ஒவ்வொருவராக மாற்றினோம். முதலில் அவருக்குத் தனிக் கணக்கு; பின்பு பொதுக் கணக்கிலிருந்து அவருடைய சாவி நீக்கம்; அதன் பிறகே ரூட்லெஸ் நிறுவல். புதுக் கணக்குகள் டாக்கர் குழுவில் சேர்க்கப்படவில்லை. இது முக்கியமானது என்பது முதல் ஆளிடமே தெரிந்தது. நிறுவல் வெற்றி, சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுத்தால் வேலை செய்தது, மடிக்கணினியிலிருந்து கொடுத்தால் ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. ரூட்லெஸ் சாக்கெட்டின் முகவரி கட்டளைகளை ஏற்கும் ஷெல் தொடங்கும்போது படிக்கப்படும், அவருடைய ‘பாஷ்ஆர்சி’ கோப்பின் கடைசியில் எழுதப்பட்டிருந்தது. பல லினக்ஸ் விநியோகங்களில் அந்தக் கோப்பு, ஊடாடும் ஷெல் இல்லாதபோது முதல் வரிகளிலேயே திரும்பிவிடும். எஸ்எஸ்எச் வழியே வரும் டாக்கர் கிளையண்ட் அந்த வகையே. ஆகவே கட்டளை பழைய பொது டீமனின் சாக்கெட்டைத் தேடிப் போயிருக்கிறது. கணக்கு டாக்கர் குழுவில் இருந்திருந்தால், அது ஒரு சத்தமும் இல்லாமல் பழைய டீமனிலேயே நடந்திருக்கும். சர்வரில் உள்ள கணக்கிலேயே ரூட்லெஸ் கான்டெக்ஸ்டை இயல்பாக்கியதும் சரியானது.

அடுத்தது, இரவு ஓடவிட்ட சோதனை காலையில் காணவில்லை என்ற புகார். பயனரின் கடைசி இணைப்பு முடிந்ததும் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி அவருடைய சேவைகளை நிறுத்திவிடும். டீமனும் அதில் அடக்கம். ஒவ்வொரு கணக்குக்கும் வெளியேறிய பின்னும் சேவைகளை ஓடவிடும் ‘லிங்கர்’ அமைப்பை இயக்கியதும் அது நின்றது.

எஸ்எஸ்எச் இணைப்புத் துண்டிப்புக்கு, மடிக்கணினிகளின் எஸ்எஸ்எச் அமைப்பில் ‘கன்ட்ரோல்மாஸ்டர்’, ‘கன்ட்ரோல்பெர்சிஸ்ட்’ ஆகியவற்றை இயக்கி, ஒரே இணைப்பையே எல்லா அழைப்புகளும் பயன்படுத்தச் செய்தோம். அப்போது ஒரே இணைப்புக்குள் திறக்கக்கூடிய அமர்வுகளின் எல்லை குறுக்கே வந்தது; ‘மேக்ஸ்செஷன்ஸ்’ இயல்பு மதிப்பு 10. அதையும் உயர்த்தினோம். கட்டளைகள் கண்கூடாக வேகமாயின.

போர்ட்டுகள் மட்டும் பிரிக்கப்படாமல் எஞ்சின. டீமன்கள் தனித்தனியானாலும், வெளியிடும் போர்ட் சர்வருக்குப் பொதுவானதே. இருவரும் 5432 கேட்டால் இரண்டாமவருக்குப் பிழை வரும். ஆளுக்கொரு போர்ட் வரிசை ஒதுக்கி, சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 இல் மட்டும் வெளியிட்டு, எஸ்எஸ்எச் போர்ட் ஃபார்வர்டிங் மூலம் மடிக்கணினிக்குக் கொண்டுவந்தோம். சர்வரின் 127.0.0.1 ஐ அதில் கணக்குள்ள எல்லோராலும் எட்ட முடியும் என்பதால், தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்ற பழக்கத்தையும் நிறுத்தவேண்டியிருந்தது.

விளைந்தவை

மாற்றத்துக்குப் பின் ஒருவருடைய கட்டளை மற்றவருடைய கன்டெய்னரையோ வால்யூமையோ தொட்ட நிகழ்வு ஒன்றும் இல்லை. திரும்பி வரும் பிழை, தானாக ஆகும் மறுதொடக்கம் ஆகிய புகார்களும் அதோடு மறைந்தன. எஸ்எஸ்எச் பதிவில் இப்போது ஆளின் கணக்கே தெரிகிறது. ஒருவர் குழுவை விட்டுப் போனால் கணக்கையும் லிங்கரையும் நீக்கினால் போதும்.

விலையும் இருந்தது. முன்பு ஒருமுறை இறக்கிய இமேஜ் இப்போது ஒவ்வொருவரின் ஹோம் கோப்பகத்திலும் தனித்தனியே சேர்ந்தது. வட்டு எதிர்பார்த்ததைவிட விரைவாக நிரம்பியது. உள்வலையமைப்பில் இமேஜ்களின் நகலை வைத்துத் தரும் ரெஜிஸ்ட்ரி மிரர் அமைத்ததால் இறக்கும் நேரம் குறைந்தது, இடம் குறையவில்லை. பயனர் அளவிலான வட்டு ஒதுக்கீடும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை: கன்டெய்னருக்குள் உருவாகும் கோப்புகளில் பல, கணக்குக்கு ஒதுக்கப்பட்ட துணைப் பயனர் எண்களுக்குச் சொந்தமாகின்றன; எனவே அவை அந்தப் பயனரின் கணக்கில் சேர்வதில்லை. கோப்பகத்தை அளவிடும் ப்ராஜெக்ட் கோட்டாவுக்கு (இது கம்போஸ் ப்ராஜெக்ட் அல்ல) மாறிய பிறகே எல்லை சரியாகச் செயல்பட்டது. நினைவகத்துக்கு, ஒவ்வொரு பயனரின் சிஸ்டம்டி ஸ்லைஸிலும் (வளங்களுக்கு எல்லை வைக்கும் பிரிவு) உச்ச அளவு வைக்கப்பட்டது. ஒருவர் அதை மீறினால் அவருடைய கன்டெய்னர்தான் கொல்லப்படும்.

மாறவேண்டியவை

கோட்டாவையும் நினைவக எல்லையையும் கணக்குகள் உருவாகும் முன்பே வைத்திருக்கவேண்டும். வட்டு நிரம்பிய பின் வைத்ததால் இரண்டு நாள் பில்டுகள் பாதிக்கப்பட்டன. அறிகுறிகள் வந்தபோது அவற்றை ஒரே பட்டியலில் எழுதி வைக்கும் வழக்கம் குழுவில் இருந்திருந்தால், திரும்பி வரும் பிழையும் தானாக நடக்கும் மறுதொடக்கமும் ஒரே வேரிலிருந்து வருபவை என்பது தரவு போகும் முன்பே தெரிந்திருக்க வாய்ப்புண்டு. லேபிளைப் பார்க்கும் ஒரு ‘இன்ஸ்பெக்ட்’ கட்டளை போதுமானதாக இருந்தது.

‘டாக்கர்_ஹோஸ்ட்’ மாறி இன்னும் சிலருடைய மடிக்கணினிகளில் பழைய அமைப்பின் எச்சமாக இருக்கிறது. அது அமைந்திருந்தால், தேர்ந்த கான்டெக்ஸ்டை மீறி அதுவே செல்லும். கான்டெக்ஸ்டை மாற்றும்போது கிளையண்ட் எச்சரித்தாலும், அந்த வரி கண்ணில் படாமல் போய்விடுகிறது. டெர்மினலில் எந்த டீமனோடு பேசுகிறோம் என்பதை எப்போதும் காட்டும்படி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நிலையான சாவிகளுக்குப் பதிலாகச் சில மணி நேரமே செல்லும் எஸ்எஸ்எச் சான்றிதழ்களைத் தருவது குழுவின் அளவுக்கு மிகை என்று அப்போது ஒத்திவைக்கப்பட்டது. ஒப்பந்த அடிப்படையில் குறுகிய காலத்துக்கு வருபவர்கள் கூடியிருப்பதால், அந்த முடிவு அடுத்த மறுஆய்வில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். பழைய பொது டீமன் நிறுத்தப்பட்டு, அதன் வால்யூம்கள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இரண்டு வால்யூம்களுக்கு மட்டும் உரிமையாளர் யாரென்று இன்னும் தெரியாததால், அவை அழிக்கப்படாமல் காப்பில் வைக்கப்பட்டுள்ளன.